ராடு ஒட்டுகிறது, எம்.சி.பி. விழுகிறது: கோளாறு மெஷினிலா, லைனிலா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிக்கொள்கிறேன். 200 ஆம்பியர் என்று போட்டிருக்கும் புதிய இன்வெர்ட்டர் (மின்னணுச் சுற்றால் இயங்கும் வகை) வெல்டிங் மெஷின். வீட்டுக்குள் இருக்கும் 16 ஆம்பியர் பிளக்கிலிருந்து 30 மீட்டர் எக்ஸ்டென்ஷன் இழுத்துப் பின்பக்கக் கொட்டகையில் வேலை செய்கிறீர்கள். 2.5 மி.மீ. ராடு (உருகி இரும்பை ஒட்டவைக்கும் வெல்டிங் குச்சி) ஓரளவு எரிகிறது, 3.15 ராடு வைத்தால் ஒட்டிக்கொள்கிறது, ஆர்க் (ராடு நுனிக்கும் இரும்புக்கும் நடுவில் எரியும் மின்பொறி) அறுந்து அறுந்து போகிறது. மாலை நேரத்தில் இன்னும் மோசம். சில நாட்களில் எம்.சி.பி.யும் (மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) விழுகிறது. எக்ஸ்டென்ஷன் முனையில் மீட்டர் வைத்தால் 228 வோல்ட் காட்டுகிறது. ஆகவே லைன் சரியாக இருக்கிறது, மெஷின்தான் பழுது, திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்குத் திருப்பிக் கொடுக்காதீர்கள். அந்த 228 உங்களை ஏமாற்றுகிறது. மின்னோட்டம் ஓடாத வயரில் மின்னழுத்தம் குறையவே குறையாது. உள்ளே எல்லா இழையும் அறுந்து, முடி மாதிரி ஒரே ஒரு செம்பு இழை மட்டும் மிச்சமிருக்கும் வயரில்கூட மீட்டர் 228 காட்டும். பார்க்க வேண்டியது ராடு எரிந்துகொண்டிருக்கும்போது அந்த முனையில் எத்தனை வோல்ட் மிஞ்சுகிறது என்பதை. வெல்டிங் மெஷின் பற்றி என்னிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த ஓர் அளவை எடுத்ததுமே தீர்ந்துவிடுகின்றன.

முதலில் மெஷின் எவ்வளவு இழுக்கிறது என்று கணக்குப் பார்ப்போம். ராடு வெல்டிங்கில் 100 ஆம்பியர் ஓடும்போது வெளிமுனையில் சுமார் 24 வோல்ட் இருக்கும். மெஷின்களைச் சோதிக்கும் தரவிதியிலேயே இதற்கு ஒரு சூத்திரம் உண்டு: ஆம்பியரை 0.04-ஆல் பெருக்கி 20-ஐக் கூட்ட வேண்டும். ஆக, வெளியே வருவது 2,400 வாட். இன்வெர்ட்டரின் செயல்திறன் 80 முதல் 85 விழுக்காடு என்று வைத்தால் உள்ளே போவது சுமார் 2,900 வாட். கணக்கு இதோடு முடியவில்லை. எளிய வகை மெஷின்களில் பவர் ஃபேக்டர் (இழுக்கும் வோல்ட்-ஆம்பியரில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் வாட்டின் பங்கு) 0.7 பக்கம்தான் இருக்கும். உள்ளிருக்கும் மின்தேக்கிகள் மின் அலையின் உச்சியில் மட்டும் சட்டென்று உறிஞ்சிக்கொள்வதுதான் காரணம். 2,900-ஐ 0.7-ஆல் வகுத்தால் 4,100 வோல்ட்-ஆம்பியருக்கு மேல் வருகிறது. அதை 230-ஆல் வகுத்தால் 18 ஆம்பியர். 3.15 ராடுக்கு 100 வைத்தாலே உங்கள் 16 ஆம்பியர் பிளக் தன் எல்லையைத் தாண்டிவிடுகிறது. 200 ஆம்பியருக்கு இதே கணக்கைப் போட்டால் 40-க்கு மேல் போகும். பெட்டியில் பெரிதாக அச்சிட்ட அந்த 200-ஐ வீட்டுப் பிளக்கிலிருந்து ஒருநாளும் எடுக்க முடியாது. அது மெஷினின் குற்றமும் இல்லை.

மெஷினின் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். உள்ளீட்டு மின்னோட்டத்துக்கு அதில் பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும். பெரியது உச்ச அளவு. சிறியது, மெஷின் வேலை செய்யும் நேரத்தையும் ஓய்ந்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டது. வயரும் பிளக்கும் எவ்வளவு சூடாகும் என்பதைச் சிறிய எண் சொல்லும். ஆர்க் பற்றும்போது மின்னழுத்தம் எவ்வளவு சரியும் என்பதைப் பெரிய எண் சொல்லும். பலரும் சிறிய எண்ணை மட்டும் பார்த்து வயர் வாங்கிவிட்டு, ‘வயர் சூடாகவே இல்லையே, பிறகு ஏன் ராடு ஒட்டுகிறது?’ என்று திகைக்கிறார்கள்.

இப்போது உங்கள் 30 மீட்டருக்கு வருகிறேன். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள செம்புக் கம்பியின் தடை மீட்டருக்கு 0.0175 ஓம். மின்னோட்டம் போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும் என்பதால் 30 மீட்டர் எக்ஸ்டென்ஷனை 60 மீட்டராக எண்ண வேண்டும். வயரின் தடிமனை நீங்கள் எழுதவில்லை. தயார்நிலையில் கிடைக்கும் எக்ஸ்டென்ஷன்கள் பெரும்பாலும் 1 அல்லது 1.5 சதுர மி.மீ.தான் (எலக்ட்ரீஷியன்கள் ‘ஒரு ஸ்கொயர்’, ‘ஒன்றரை ஸ்கொயர்’ என்பார்கள்). ஒரு ஸ்கொயர் என்றால் தடை 1.05 ஓம், 18 ஆம்பியர் ஓடும்போது அந்த வயரே 19 வோல்ட்டைத் தின்றுவிடும். ஒன்றரை என்றால் 13 வோல்ட். நான்கு ஸ்கொயர் போட்டால் 5 வோல்ட்கூட இல்லை. வீட்டுக்குள் மெயின் போர்டிலிருந்து அந்தப் பிளக் வரை 15 மீட்டர் இரண்டரை ஸ்கொயர் வயர் இருப்பதாக வைத்துக்கொண்டால் அதற்கு இன்னொரு 4 வோல்ட்.

மாலையில் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் மின்சாரத்தை இழுக்கும்போது உங்கள் வீட்டுக்கு வருவதே 210 வோல்ட் என்று வையுங்கள். 23 போனால் மெஷினுக்குக் கிடைப்பது 187. இங்கே இன்வெர்ட்டர் மெஷினுக்கே உரிய ஒரு குணம் நிலைமையைக் கெடுக்கிறது. பழைய மின்மாற்றி மெஷின், மின்னழுத்தம் குறைந்தால் தானும் சோர்ந்து குறைவாகக் கொடுக்கும். இன்வெர்ட்டர் அப்படிச் சோர்வதில்லை. நீங்கள் வைத்த 100 ஆம்பியரை எப்படியாவது கொடுக்கப் பார்க்கும். வோல்ட் குறைந்த அளவுக்கு ஆம்பியரைக் கூட்டி இழுக்கும். 18 என்பது 22 ஆகும்; 22 ஓடும்போது வயரில் இழப்பு இன்னும் கூடும்; கிடைக்கும் வோல்ட் இன்னும் குறையும். ஓர் எல்லைக்குக் கீழே போனதும் மெஷினின் உள்ளிருக்கும் காப்புச் சுற்று வெளியீட்டை நிறுத்திவிடும். நிறுத்திய மறுகணம் சுமை இல்லாததால் வோல்ட் மேலே ஏறும், மெஷின் திரும்ப உயிர்பெறும். நீங்கள் சொன்ன ‘அறுந்து அறுந்து’ இதுவாகத்தான் இருக்க வேண்டும். 230 வோல்ட் மெஷின்கள் பலவற்றின் தகட்டில் கூட்டல் கழித்தல் 15 விழுக்காடு என்று போட்டிருக்கும். அதன் கீழ் எல்லை 195.

கணக்கை நம்பிவிடாதீர்கள், அளந்து பாருங்கள். வெல்டிங் செய்யாமலேயே முதல் அளவை எடுக்கலாம். 2,000 வாட் தண்ணீர் ஹீட்டரோ கெட்டிலோ இருந்தால் போதும். அது 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். எக்ஸ்டென்ஷன் முனையில் உள்ள பலகையில் அதைச் செருகி, பக்கத்துத் துளையில் பிளக் வடிவில் வரும் டிஜிட்டல் வோல்ட்மீட்டரைச் செருகுங்கள். கையில் மீட்டர் முனைகளைப் பிடித்துக்கொண்டு தடவுவதைவிட இது பாதுகாப்பானது. ஹீட்டர் போடுவதற்கு முன் 228, போட்டபின் 216 என்றால் 12 வோல்ட் சரிவு. மெஷின் 18 ஆம்பியர் இழுக்கும்போது அது இரட்டிப்பாகி 25-ஐ எட்டும். பிறகு அதே ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் இல்லாமல் வீட்டுப் பிளக்கில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். சரிவு 3 வோல்ட்தான் என்றால் மீதி 9-ம் எக்ஸ்டென்ஷனின் கணக்கு, குற்றவாளி பிடிபட்டுவிட்டது. நேரடியாகச் செருகியும் 8, 10 வோல்ட் சரிந்தால் பிரச்சினை சுவருக்குள்ளோ, மெயின் போர்டிலோ, அதற்கும் முன்னாலோ இருக்கிறது. ஆர்க் எரியும்போது மொத்தச் சரிவு 12 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பது நான் எனக்கு வைத்திருக்கும் அளவு.

அந்தச் சமயத்தில் வீட்டு விளக்குகளையும் கவனியுங்கள். வெல்டிங் பிளக் இருக்கும் சர்க்யூட்டில் உள்ள விளக்கு மட்டும் மங்கினால் அந்த சர்க்யூட் வயரிலோ அதன் இணைப்புகளிலோ தடை இருக்கிறது. வீடு முழுக்க மங்கினால் மெயின் போர்டிலோ, மீட்டருக்கு வரும் வயரிலோ, வெளியே கம்பத்திலோ. மும்முனை இணைப்புள்ள வீட்டில் ஓர் அறையில் விளக்கு மங்கும்போது இன்னோர் அறையில் பிரகாசம் கூடினால் உடனே மெயினை அணைத்துவிடுங்கள். நியூட்ரல் (மின்னோட்டம் திரும்பிப் போகும் வயர்) கழன்றிருக்கிறது என்பதன் அடையாளம் அது. அந்த நிலையில் குளிர்பதனப் பெட்டியும் டி.வி.யும் 300 வோல்ட்டுக்கு மேல் வாங்கிக் கருகிப்போகலாம். அதை நீங்களாகத் தொட வேண்டாம். மின்வாரியத்தையோ உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனையோ கூப்பிடுங்கள்.

இணைப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை, அல்லது சில வார்த்தைகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் நான் மெஷினைக் கழற்றிப் போட்டு வீணாக்கினேன். மாலையில் சோர்ந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கியபோது விரல் சுட்டது. சாக்கெட்டின் பின்னால் நியூட்ரல் வயரைப் பிடித்திருந்த திருகு அரைச்சுற்றுத் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு தளர்ந்த இணைப்பில் 0.1 ஓம் தடை இருப்பதாக வையுங்கள். 18 ஆம்பியர் ஓடும்போது மின்னழுத்த இழப்பு 2 வோல்ட்கூட இல்லை. மீட்டரில் பார்த்தால் அலட்சியமாக விட்டுவிடுவோம். ஆனால் அந்த இடத்தில் பிறக்கும் வெப்பம் 32 வாட். ஒரு சால்டரிங் அயர்னின் சூடு, காற்றுகூடப் புகாத பிளாஸ்டிக் டப்பாவுக்குள். ஆகவே ஐந்து நிமிடம் வெல்டிங் செய்தபின் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பின்களைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பைத் தாண்டிச் சூடாக இருந்தாலோ, சாக்கெட்டில் பழுப்புக் கறை இருந்தாலோ, சாக்கெட்டையும் பிளக்கையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழைய கறுத்த பின் புதிய சாக்கெட்டையும் கெடுத்துவிடும். எக்ஸ்டென்ஷன் உருளையில் சுற்றியிருந்தால், தேவை பத்து மீட்டர்தான் என்றாலும் முழுவதையும் அவிழ்த்துப் போடுங்கள். சுற்றிய நிலையில் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகி ஒட்டிக்கொள்ளும்.

எம்.சி.பி. விழுவதைப் பொறுத்தவரை, அது எந்தக் கணத்தில் விழுகிறது என்பதில்தான் எல்லாச் செய்தியும் இருக்கிறது. ராடைத் தொடாமலேயே, மெஷின் சுவிட்சைப் போட்டதும் டக்கென்று விழுகிறதா? காலியாக இருக்கும் மின்தேக்கிகள் முதல் சில மில்லிநொடிகளில் பெரும் மின்னோட்டத்தை விழுங்கும். பி வகை எம்.சி.பி. தன் அளவைப்போல் 3 முதல் 5 மடங்கிலேயே உடனே விழுந்துவிடும். சி வகை 5 முதல் 10 மடங்கு வரை பொறுக்கும். டி வகை 10 முதல் 20 மடங்கு. வீட்டில் பி வகை இருந்தால் சி வகைக்கு மாற்றுவது பல நேரம் போதும். சி வகை இருந்தும் ஒவ்வொரு முறையும் விழுந்தால் மெஷினுக்குள் டையோடு பிரிட்ஜோ ஐ.ஜி.பி.டி.யோ (மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் மின்னணுப் பாகங்கள்) ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். மேலும் மேலும் போட்டுப் பார்க்காதீர்கள்.

பத்து நிமிடம் வேலை செய்தபின் விழுகிறதா? அது வெறும் மிகைச்சுமை. 16 ஆம்பியர் எம்.சி.பி. 18 ஆம்பியரை ஒரு மணி நேரம் வரை விழாமல் தாங்க வேண்டும் என்பதே விதி. ஆனால் போர்டு வெயில் படும் சுவரில் இருந்தாலோ, பக்கத்து எம்.சி.பி.களும் சூடாக இருந்தாலோ அதற்கு முன்பே விழும். மாலையில் வோல்ட் குறைந்து ஆம்பியர் 22-க்கு ஏறும்போது இன்னும் விரைவில் விழும். உங்கள் ‘சில நாட்களில்’ என்பதற்கு இந்த விளக்கம் பொருந்துகிறது. இதற்கு மருந்தாக 32 ஆம்பியர் எம்.சி.பி.யை மாட்டிவிடச் சிலர் யோசனை சொல்வார்கள். சுவருக்குள் இரண்டரை ஸ்கொயர் வயர் இருக்கும்போது அதைச் செய்தால் எம்.சி.பி. விழாது, வயர் எரியும். முதலில் வயர், பிறகுதான் எம்.சி.பி.

ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் அணையும் சுவிட்ச்) விழுவது வேறு கதை. அதற்கு ஆம்பியர் கணக்கு பொருந்தாது. மெஷினுக்குள் படியும் இரும்புத் தூளும் ஈரமும் சேர்ந்து கசிவை உண்டாக்கும். வடிகட்டிச் சுற்றில் உள்ள மின்தேக்கிகளும் இயல்பாகவே சிறிது கசியும். வீட்டின் மற்றக் கருவிகளின் கசிவோடு சேர்ந்து எல்லையைத் தொட்டுவிடலாம். 30 மில்லி ஆம்பியர் என்று எழுதிய ஆர்.சி.சி.பி. 15-ஐத் தாண்டினாலே விழ அனுமதி உண்டு. ஆனால் எர்த் கிளாம்பை (வெல்டிங் செய்யும் இரும்பைக் கவ்வும் பிடி) மண்ணோடு தொடர்புள்ள இரும்பில் மாட்டும்போது மட்டும் விழுந்தால் அலட்சியம் வேண்டாம். லைன் மின்சாரத்துக்கும் ராடுக்கும் நடுவில் இருக்க வேண்டிய காப்பு உடைந்திருக்கிறது என்று பொருள். அந்த மெஷினை அன்றோடு நிறுத்துங்கள். ஆர்.சி.சி.பி. விழுகிறதென்று பிளக்கின் எர்த் வயரைக் கத்தரித்துவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் பேசிப் பயனில்லை, உங்களிடம் சொல்லிவைக்கிறேன்.

பழைய மின்மாற்றி மெஷின் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும். அது 100 ஆம்பியருக்கு இன்வெர்ட்டரைவிட அதிகமாக இழுக்கும். சுமையில்லா மின்னழுத்தம் (ராடு எரியாதபோது வெளிமுனையில் இருப்பது) 60 வோல்ட் என்றால் சுற்று விகிதப்படி உள்ளே போவது 26 ஆம்பியர். அந்த வகை மெஷின்கள் சிலவற்றில் 230, 415 என்று மாற்றிப் பொருத்தும் தகடு இருக்கும். 415-ல் வைத்துவிட்டு 230 கொடுத்தால் ஏறக்குறைய பாதிதான் வெளியே வரும், ஆர்க் பிடிக்கவே பிடிக்காது. எதிர்மாறாக வைத்தால் மெஷின் புகைந்துவிடும்.

ஜெனரேட்டரில் ஓட்டும் எண்ணம் இருந்தால், மேலே போட்ட 4,100 வோல்ட்-ஆம்பியர் கணக்கை நினைவில் வையுங்கள், 3.15 ராடுக்கு 6 கே.வி.ஏ.க்குக் (6,000 வோல்ட்-ஆம்பியர்) குறைந்த ஜெனரேட்டரை நான் நம்புவதில்லை. ஆர்க்கை நிறுத்தியதும் சுமை திடீரென்று விலகுவதால் ஜெனரேட்டரின் மின்னழுத்தம் ஒரு கணம் துள்ளும். மின்னழுத்தச் சீராக்கி இல்லாத ஜெனரேட்டர்கள் பல இன்வெர்ட்டர் மெஷின்களைக் கொன்றது இப்படித்தான். ஜெனரேட்டரை ஓடவிட்டு, அது நிலைப்பட்டபின் மெஷின் சுவிட்சைப் போடுங்கள்; நிறுத்தும்போது மெஷின் முதலில்.

ஹீட்டர் சோதனையில் லைன் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது மெஷின் அல்ல, எர்த் கிளாம்ப். வெளியீட்டுப் பக்கம் 24 வோல்ட்தான் இருக்கிறது. அங்கே 3 வோல்ட் போனாலும் பெரிய இழப்பு. கிளாம்ப் துருவின்மேலோ பெயிண்டின்மேலோ கடித்திருந்தால், ராடைப் பிடிக்கும் ஹோல்டரின் உள் திருகு தளர்ந்திருந்தால், முன்பக்க இணைப்பு முழுச்சுற்று திருகப்படாமல் இருந்தால், ராடு அச்சு அசலாகக் குறைந்த மின்னழுத்தம் போலவே நடந்துகொள்ளும். இரும்பைப் பளபளவென்று தேய்த்து கிளாம்பை மாட்டுங்கள். ஒரு ராடு எரித்து முடித்ததும் மெஷினை அணைத்து, கிளாம்ப், ஹோல்டர், லக் (வயர் முனையில் உள்ள உலோக இணைப்பு) எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். எது சூடோ அதுதான் எதிரி. ராடுகள் நமுத்துப்போயிருந்தாலும் ஒட்டும், அதையும் மறக்க வேண்டாம். மஞ்சள் விளக்கு எரிந்தபடி மின்விசிறி மட்டும் ஓடினால் மெஷின் சூடாகி ஓய்வெடுக்கிறது. அணைக்காமல் விசிறி ஓடட்டும்.

சுமையில்லா மின்னழுத்தத்தை மீட்டரில் பார்த்து, 60-க்குப் பதில் 15 வோல்ட் காட்டுகிறதே என்று பயப்படுபவர்களும் உண்டு. மின்னதிர்ச்சியைத் தடுக்க, ராடு தொடாதபோது மின்னழுத்தத்தைத் தாழ்த்திவைக்கும் அமைப்பு சில மெஷின்களில் இருக்கிறது. அது பழுதில்லை.

கடைசியாக, மெஷினின் உள்ளே. சுவிட்சைப் போட்டு ஓரிரு நொடியில் ‘டிக்’ என்று ஒரு ரிலே ஒலிக்க வேண்டும். தொடக்கத்தில் மின்தேக்கிகளை மெதுவாக நிரப்பும் தடையியைச் சுற்றிலிருந்து விலக்கும் ஒலி அது. அந்த ரிலே வேலை செய்யாவிட்டால் விளக்கு எரியும், விசிறி சுற்றும், ஆனால் ராடைத் தொட்டதும் எல்லாம் அணைந்து மறுபடி எரியும். குறைந்த மின்னழுத்தத்தின் அறிகுறியும் இதுவேதான்; இரண்டையும் பிரித்துக்காட்டுவது பக்கத்துத் துளையில் செருகிய அந்தச் சின்ன வோல்ட்மீட்டர் ஒன்றுதான். மூடியைத் திறக்க ஆசைப்படாதீர்கள். 230 வோல்ட்டின் உச்சி 325. பிளக்கைப் பிடுங்கியபின்னும் மின்தேக்கிகள் அதைப் பிடித்துவைத்திருக்கும்.

ஆகவே ஒரு மாலை, நீங்கள் ராடு எரிக்க, இன்னொருவர் ஆர்க்கைப் பார்க்காமல் முதுகைக் காட்டி நின்று அந்த வோல்ட்மீட்டரை மட்டும் படிக்கட்டும். 195-க்குக் கீழே இறங்கினால் எக்ஸ்டென்ஷனை நான்கு ஸ்கொயருக்கு மாற்றுங்கள். முடிந்தால் மெயின் போர்டிலிருந்து கொட்டகைக்குத் தனி எம்.சி.பி.யோடும் தொழிற்சாலை வகைச் சாக்கெட்டோடும் ஒரு தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். 210-க்கு மேல் அசையாமல் நிற்கும்போதே, கிளாம்பும் ராடும் சரியாக இருந்தும் ஆர்க் அறுந்தால், அப்போது மெஷினைத் திருப்பிக் கொடுங்கள். கொடுக்கும்போது ஆர்க் அறுந்த கணத்தில் மீட்டர் காட்டிய எண்ணைச் சொல்லிக் கொடுங்கள். ‘உங்கள் வீட்டு லைனில் வோல்ட் இல்லை’ என்று திருப்பி அனுப்ப முடியாது.